கரட் இலையைப் போல் ஒரு நஞ்சுச் செடி

மலையகத்தில் கீரை தெரியாத பெண் இல்லை. கொழுந்து நிறுத்து, படங்கை உதறி மடித்துக்கொண்டு லயத்துக்குத் திரும்புகிற வழியில் கான் ஓரத்தில் குனிந்து ஒரு பிடி வல்லாரை, வேலியோரத்தில் ஒரு பிடி பொன்னாங்காணி என்று பறித்து வருவது எமது தாய்மாரின் அன்றாட வழக்கம். எது கறிக்கு ஆகும், எது மாட்டுக்கு ஆகும், எதைத் தொட்டால் கை அரிக்கும் என்பதை யாரும் புத்தகம் வைத்துப் படிப்பிக்கவில்லை. அம்மாயி சொன்னார், அம்மா காட்டினார், கண் பழகிக்கொண்டது.

சம்பளத்தையும் காணியையும் வீட்டையும் பற்றியே எழுதிவரும் இந்த இடத்தில் ஒரு செடியைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். காரணம் இருக்கிறது. பழகிய அந்தக் கண் இந்த மலைக்குத்தான் பழகியது. 2023 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து எமது நாட்டு அரசாங்கம் விவசாய வேலைக்கென்று இஸ்ரேலுக்கு ஆட்களை அனுப்பி வருகிறது. வேறு சிலர் இத்தாலிக்கும் பிரித்தானியாவுக்கும் வழி தேடுகிறார்கள். எமது தோட்டங்களின் பிள்ளைகளும் இந்த வரிசையில் நிற்கிறார்கள். “மண் வேலை எங்களுக்கென்ன புதிதா?” என்று கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறார்கள். மண் வேலை புதிதல்ல, உண்மை. ஆனால் அங்கே முளைக்கிற பூண்டு புதிது. அந்தப் பூண்டுகளில் ஒன்று ஆளைக் கொல்லும், அதுவும் பார்ப்பதற்குக் கரட் இலையைப் போலவும் கொத்தமல்லிக் கீரையைப் போலவும் இருந்துகொண்டு கொல்லும். (யுத்தம் நடக்கும் மண்ணில் வேலைக்குப் போகும் ஆபத்து வேறு கதை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.)

அந்தச் செடிக்கு எமது லயங்களில் பெயர் கிடையாது, ஏனென்றால் அது எமக்குப் பழக்கமான செடியல்ல. ஆங்கிலத்தில் ஹெம்லொக் என்பார்கள். இத்தாலியர் சிகூட்டா என்றும், எபிரேய மொழி பேசுவோர் ரோஷ் என்றும் சொல்வார்கள். போகிற பிள்ளைகள் இந்த மூன்று பெயரையும் மனதில் வைத்திருப்பது நல்லது. ஐரோப்பாவும் மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளும் அதன் சொந்த ஊர். அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கூடப் பரவியிருக்கிறது. வாய்க்கால் ஓரம், வீதியோரம், மாட்டுப்பட்டிக்குப் பக்கம், பயிர் செய்யாமல் விட்ட துண்டு நிலம் ஆகியவையே அது விரும்பும் இடங்கள். புல்லுவெட்டப் புதிய ஆட்களை முதலில் அனுப்புவதும் இந்த இடங்களுக்குத்தான்.

இதன் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தக் குடும்பம் எமது அடுப்படியில்தான் இருக்கிறது. கரட், கொத்தமல்லி, நற்சீரகம், பெருஞ்சீரகம், ஓமம், சதகுப்பை, பெருங்காயம் தருகிற செடி, நுவரெலியாப் பக்கத்துப் பாத்திகளில் வளரும் செலரி, பார்ஸ்லி, இவையெல்லாம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. வல்லாரையும் இதே குடும்பம்தான், அதன் இலையைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்றாலும். குடும்ப அடையாளம் பூவில் இருக்கிறது. வீட்டுக் கொல்லையில் கொத்தமல்லியைக் கிள்ளாமல் பூக்க விட்டுப் பாருங்கள். ஒரே இடத்திலிருந்து மெல்லிய காம்புகள் குடைக்கம்பி போல் விரிந்து, நுனியில் பொடிப் பொடியாக வெள்ளைப் பூ வைத்திருக்கும். பாத்தியில் தவறிப் பூக்குச்சி விட்ட கரட்டிலும் இதே குடையைப் பார்க்கலாம். குழம்புக்கு மணம் தரும் இந்தக் குடும்பத்தில்தான் உலகத்தின் மிகக் கொடிய நஞ்சுச் செடிகளில் சிலவும் பிறந்திருக்கின்றன. ஆகவே குடைப்பூவைக் கண்டவுடன் “இது எங்கள் கொத்தமல்லி மாதிரி” என்று நினைப்பது ஆபத்தின் முதற்படி.

இனி ஹெம்லொக்கை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம்.

அது இரண்டு வருடச் செடி. முதல் வருடத்தில் தண்டு எழும்பாது. தரையோடு தரையாக இலைக்கொத்து மட்டும் விரிந்திருக்கும். இலை முக்கோண வடிவில், மிக நுண்ணியதாகப் பிரிந்து, கரும்பச்சையாக இருக்கும். கரட் பாத்தியில் நிற்கும் எவரும் இதைக் கரட் என்றே சொல்வார்கள். தோண்டினால் வேரும் வெளிறிய கரட் கிழங்கைப் போல நீண்டு வரும். மனிதர் ஏமாறுவது பெரும்பாலும் இந்தப் பருவத்தில்தான். இரண்டாம் வருடம் தண்டு எழும்பி ஆள் உயரத்தைத் தாண்டும். இரண்டு மீற்றருக்கு மேல் போவதும் உண்டு.

தண்டுதான் முக்கிய சாட்சி. அதில் மயிர் கிடையாது, வழுவழுப்பாக இருக்கும். உள்ளே குழல். பச்சைத் தண்டின் மேல் ஊதா நிறத்தில் அல்லது சிவப்புக் கலந்த ஊதா நிறத்தில் புள்ளிகளும் திட்டுகளும் இருக்கும், பேனாவை உதறி மை தெளித்த மாதிரி. அடிப்பக்கத்தில் இந்தத் திட்டு அதிகம். இளஞ்செடியின் இலைக்காம்பிலும் சில வேளை காணலாம். ஆனால் எல்லாச் செடியிலும் ஒரே அளவில் இருக்காது, சிலவற்றில் மங்கலாக இருக்கும். புள்ளி இருந்தால் அது சந்தேகத்தை உறுதிப்படுத்தும். புள்ளி தெரியவில்லை என்பதற்காகச் செடி நல்லதாகிவிடாது.

அடுத்தது மணம். கரட் இலையைக் கசக்கினால் கரட் வாசம் வரும், கொத்தமல்லியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஹெம்லொக் கசங்கினால் எலி மூத்திரம் போன்ற ஒரு புழுக்க நாற்றம் அடிக்கும் என்று தாவர நூல்கள் சொல்கின்றன. இதைச் சோதிப்பதற்காக யாரும் வெறுங்கையால் கசக்கிப் பார்க்க வேண்டாம். புல்லுவெட்டும்போது அப்படி ஒரு நாற்றம் எழுந்தால் நின்று பாருங்கள், அது போதும். நாக்கில் வைத்துப் பார்ப்பது எக்காரணம் கொண்டும் கூடாது. அதன் காய் சின்னதாக, உருண்டையாக, அலை அலையான வரிகளோடு இருக்கும். அதைச் சீரக வகை என்று எண்ணி எடுத்தவர்களும் உலகத்தில் உண்டு.

காட்டுக் கரட் என்று ஒன்றும் அதே நிலங்களில் வளர்கிறது. நாம் உண்ணும் கரட்டுக்கு அதுவே மூலம். அதன் தண்டு மயிரடர்ந்து சொரசொரப்பாக இருக்கும், ஊதாப் புள்ளி இருக்காது, பெரும்பாலும் ஒரு மீற்றருக்குள்தான் நிற்கும். வெள்ளைக் குடையின் நடுவில் ஒரேயொரு கருஞ்சிவப்புப் பூ பலவேளை காணப்படும். குடைக்கு அடியில் பிளவுபட்ட நீண்ட பச்சைச் செதில்கள் தாடி போல் தொங்கும். காய்க்கும்போது குடை உட்பக்கமாகச் சுருண்டு குருவிக்கூடு போலாகிவிடும். வித்தியாசம் இவ்வளவு இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று கேட்கலாம். இந்த வித்தியாசமெல்லாம் பூத்து நிற்கும் முழுச்செடியில் தெரிவது. கிள்ளி எடுத்த இலையிலோ, மண்ணோடு பிடுங்கிய வேரிலோ அவ்வளவாகத் தெரியாது. நாம் இங்கே அடையாளங்களை இவ்வளவு விரிவாகச் சொல்வது எதைச் சாப்பிடலாம் என்று தெரிந்தெடுப்பதற்காக அல்ல. எதைவிட்டு விலக வேண்டும், எதைப் பற்றி வேலை மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகவே. காட்டுக் கரட்டென்று நிச்சயமாகத் தெரிந்தாலும் அதைச் சமைக்க வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். படம் பிடித்தால் செடியின் பெயர் சொல்கிற கைத்தொலைபேசிச் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. பொழுதுபோக்குக்கு அவை நல்லவை. சட்டியில் போடுவதற்கு அவற்றின் சொல்லை நம்பக் கூடாது.

இந்த நஞ்சு என்ன செய்யும் என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற சாட்சி ஒருவர் இருக்கிறார். கி.மு. 399 இல் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரத்தில் சோக்கிரட்டீசுக்கு மரண தண்டனையாகக் கொடுக்கப்பட்டது இந்தச் செடியின் நஞ்சுதான் என்பது பொதுவான கருத்து. அவருடைய மாணவர் பிளேட்டோ அந்தச் சாவை எழுதிவைத்திருக்கிறார்: முதலில் கால் கனத்தது, பின் உணர்ச்சி போனது, குளிர் காலிலிருந்து மேலே ஏறியது, கடைசிவரை அவர் தெளிவாகப் பேசினார். இன்றைய வைத்தியமும் அதையே சொல்கிறது. கோனியின் என்ற நஞ்சு நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. கை கால் தளர்கிறது. கடைசியில் மூச்சு இழுக்கிற தசையும் நின்றுபோகிறது. புத்தி மட்டும் விழித்திருக்கும். இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. ஆனால் நேரத்துக்கு வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்தால், நஞ்சு உடம்பைவிட்டுப் போகும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்க முடியும். அதனால்தான் “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்ற சொல் இங்கே கொலைச் சொல்.

அவித்துவிட்டால் எந்த நஞ்சும் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சம்பவம். ஸ்கொட்லாந்தில் விடுமுறைக்குப் போன எட்டு இளைஞர்கள் ஓடைக்கரையில் ஒரு கிழங்கைக் கண்டு, அது உண்ணத்தக்க வகை என்று எண்ணி, கறியாகவே சமைத்துச் சாப்பிட்டார்கள். அது ஹெம்லொக்கின் உறவான, நீரோரத்தில் வளரும் இன்னொரு நஞ்சுச் செடி. சிலர் வலிப்பு வந்து வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. 2002 இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகை ஒன்று இதை வெளியிட்டது. அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் படித்தவர்கள், அந்த நாட்டு மொழி தெரிந்தவர்கள், பக்கத்தில் ஆள் இருந்தவர்கள். பண்ணையின் மூலையில் ஒரு தகரக் கொட்டிலில், மொழி தெரியாமல், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் படுத்திருக்கும் எமது பிள்ளையின் நிலை அதுவல்ல.

வெளிநாட்டில் சம்பாதிப்பவன் ஏன் காட்டு இலையைப் பறிக்கப் போகிறான் என்று சிலர் கேட்கக்கூடும். ஏஜென்சிக்குக் கொடுத்த கடன் தீராமல் ஒரு சதம் செலவழிக்கக் கைவராது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். கடைக்குப் போக வாரத்தில் ஒருநாள்தான் வாகனம். கீரை தின்று வளர்ந்த நாக்கு கீரையைத் தேடும். வாய்க்கால் ஓரத்தில் கொத்தமல்லி மாதிரி ஒன்று தளதளவென்று நின்றால் கை தானாகப் போகும். தாய்மாரே, பிள்ளை வீடியோவில் பேசும்போது “இங்கே நம்ம ஊர் கீரை மாதிரி ஒன்று கிடக்குது” என்று சொன்னால், கேட்ட மாத்திரத்தில் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்தக் குடும்பம் வயிற்றின் வழியாக மட்டும் வருவதில்லை, தோல் வழியாகவும் வரும். தேசிக்காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றால் தோலில் கருந்திட்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். கரட் குடும்பத்தின் பல செடிகளின் பாலில் அதே வேலையைச் செய்யும் பொருள் நிறைய உண்டு. பால் தோலில் படும்போது ஒன்றும் தெரியாது, எரியாது. வெயில் பட்ட பிறகு, ஒருநாள் இரண்டுநாள் கழித்து, கொதிநீர் ஊற்றியது போல் கொப்புளம் எழும்பும். ஆறிய பின்னும் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். பிரித்தானியாவின் ஆற்றோரங்களில் வளரும் இராட்சத ஹொக்வீட் இதில் பெயர் பெற்றது. மத்தியதரைக் கடல் நாடுகளில் அம்மி என்று தாவரவியலார் அழைக்கும் வெள்ளைக் குடைப்பூச் செடியும் இதையே செய்யும். எகிப்தில் அதன் விதையைத்தான் தோலின் வெண்புள்ளிக்கு மருந்தாகப் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்தினார்கள். நஞ்சும் மருந்தும் ஒரே காயில்.

இது வெளிநாட்டுக் கதை மட்டுமல்ல. செலரி அறுவடை செய்யும் தொழிலாளரின் கையில் இப்படிக் கொப்புளம் எழுவது உலகத்தில் நெடுநாளாக அறியப்பட்ட தொழில் நோய். செலரியில் பூஞ்சண நோய் பிடித்திருந்தால் இன்னும் கூடும். நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போகும் எமது சகோதரிகள் செலரியும் பார்ஸ்லியும் வெட்டிக் கட்டுகிறார்கள். கையில் கருந்திட்டு வந்தால் மருந்து தெளித்ததால் வந்தது என்றோ குளிரினால் வந்தது என்றோ நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டு விட்டுவிடக் கூடாது. நீளக்கைச் சட்டை, இறப்பர் கையுறை, வேலை முடிந்த கையோடு சவர்க்காரமும் தண்ணீரும், இவ்வளவும் போதும் தடுப்பதற்கு. இவற்றைக் கொடுக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர். கொப்புளம் வந்தால் டிஸ்பென்சரிப் புத்தகத்தில் என்ன வேலை செய்தபோது வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இல்லாத காயத்துக்கு நட்டஈடு கேட்டு வாதாடுவது எவ்வளவு கஷ்டம் என்பது சங்கக் காரியாலயத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மாடு வளர்ப்பவர்களுக்கும் பிள்ளைகளோடு வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஹெம்லொக்கைத் தின்ற மாடு சாகலாம். சினைமாடு தின்றால் கன்று கோணிய காலோடு பிறக்கலாம். பண்ணையில் புல்லறுத்துப் போடும் வேலை கிடைத்தவர்கள் கட்டுக்குள் இது வராமல் பார்க்க வேண்டும். அதன் குழல் தண்டு ஊதல் செய்யத் தோதாக இருப்பதால் வாயில் வைத்து நஞ்சேறிய குழந்தைகள் பல நாடுகளில் உண்டு. வெட்டிப்போட்டுக் காய்ந்த செடியிலும் நஞ்சு மிச்சமிருக்கும், ஆகவே குவித்து எரித்துப் புகையில் நிற்கவும் வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு தொழிலாளி தானாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? இல்லை. ஒரு நிலத்துக்குப் புல்லுவெட்ட ஆளை அனுப்புகிறவர், அந்த நிலத்தில் என்ன நஞ்சு முளைக்கிறது என்று சொல்லி அனுப்பக் கடமைப்பட்டவர். சர்வதேச தொழில் ஸ்தாபனம் 2001 இல் ஏற்றுக்கொண்ட விவசாயப் பாதுகாப்பு, சுகாதார சமவாயம் இதைத் தொழிலாளியின் உரிமையாகவே எழுதியிருக்கிறது: பாதுகாப்பு விடயங்களைப் பற்றி அறிவிக்கப்படும் உரிமை, உடனடி ஆபத்திலிருந்து விலகி நிற்கும் உரிமை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பயிற்சிகளில் விமான நிலையத்தில் எந்தப் படிவத்தை நிரப்புவது என்று சொல்லித்தருகிறார்கள். விவசாய வேலைக்குப் போகிறவனுக்கு அந்த நாட்டின் நஞ்சுச் செடிகள் பத்தின் படத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் பெயரெழுதிக் கையில் கொடுப்பது அதைவிடப் பெரிய செலவல்ல. இதை எழுத்துமூலம் கேட்க வேண்டும் என்பது எமது நிலைப்பாடு.

அதே உரிமையை இங்கேயும் கேட்கிறோம். எமது கான்களில் ஹெம்லொக் முளைக்கவில்லை, வல்லாரைதான் முளைக்கிறது. ஆனால் நேற்றுக் களைநாசினி அடித்த கானிலும் வல்லாரை வல்லாரையாகத்தான் தெரியும். அங்கே எந்த அம்மாயியின் கண்ணும் உதவாது. எந்த மலையில், எந்தத் திகதியில், என்ன மருந்து அடிக்கப்படுகிறது என்பதைக் காலைப் பிரட்டிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மலையின் முகப்பில் தமிழில் பலகை வைக்க வேண்டும். மருந்தடித்த மலையில் எத்தனை நாளைக்குக் கீரை பறிக்கக் கூடாது என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். இதற்குக் கூட்டு ஒப்பந்தம் தேவையில்லை, ஒரு தோட்ட அதிகாரியின் கையெழுத்து போதும்.

எவராவது தெரியாத செடியைத் தின்றுவிட்டால்: உப்புத்தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். கை கால் தளர்ந்தவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும். தின்றதில் மிச்சமிருந்தால், அல்லது அந்தச் செடியில் ஒரு கிளை கிடைத்தால், பையில் சுற்றி வைத்தியசாலைக்குக் கூடவே கொண்டுபோங்கள். இங்கே அம்புலன்ஸுக்கு 1990, இஸ்ரேலில் 101, இத்தாலி உட்பட ஐரோப்பிய நாடுகளில் 112, பிரித்தானியாவில் 999. கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. தோட்ட டிஸ்பென்சரியில் அதன் தொலைபேசி இலக்கம் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதைத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் இந்த மாதமே போய்ப் பார்க்கவும்.

வெளிநாட்டுப் பண்ணைகளில் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருக்கும் தோழர்கள், அங்கே தாம் கண்ட கெட்ட செடிகள் எவை, அவற்றை அங்குள்ளவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள், கையுறை கொடுத்தார்களா இல்லையா என்பதை எமக்கு எழுதுங்கள். எழுத நேரமில்லாதவர்கள் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்து சொன்னாலும் போதும், குறித்துக்கொள்வோம். அடுத்து விமானம் ஏற இருப்பவர்களின் கையில் கொடுக்க அது தேவைப்படுகிறது.